இடுப்பில் ஒரு துடிப்பு

டாக்டரம்மா என்னிடம் ஒரு தாளைக் கொடுத்து, "ரெண்டு வாரம் இதுல உண்மைய எழுதிட்டு வாங்க" என்றார். எத்தனை தடவை அடக்க முடியாமல் மலம் கசிந்தது, எந்த நேரத்தில், உடை மாற்ற வேண்டி வந்ததா. நாளுக்கு ஒரு கட்டம், மொத்தம் பதினான்கு கட்டம். இதில் உண்மையை எழுத என்ன கஷ்டம் என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். கட்டத்தில் எண் நிரப்புவதுதான் இருபத்திரண்டு வருஷமாக என் பிழைப்பு.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் வார்ப்பு இரும்புப் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் கடைசிப் பரிசோதனையில் இருக்கிறேன். பாகத்தை எடுத்து, திருப்பிப் பார்த்து, ஓரத்தைத் தடவி, சரியாக இருந்தால் பச்சைத் தட்டு, பிசிறு இருந்தால் சிவப்புத் தட்டு. ஷிப்ட் முடிந்ததும் எத்தனை ரிஜெக்ட் என்று ஷீட்டில் எழுத வேண்டும். அதில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. சிவப்புத் தட்டில் ஒன்பது கிடந்தால் மூன்று என்று எழுதுவோம். மீதி ஆறை மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு, மறுநாள் பிசிறைத் தேய்த்துப் பச்சையில் சேர்த்துவிடுவோம். மூன்று என்று எழுதினால் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. ஒன்பது என்று எழுதினால் மேனேஜர் வந்து பக்கத்தில் நின்றுகொள்வார். எனக்கு முன்னால் இருந்தவர் அப்படித்தான் எழுதினார், எனக்குப் பின்னால் வருகிறவரும் அப்படித்தான் எழுதுவார். அதைப் பொய் என்று நாங்கள் யாரும் சொல்லிக்கொண்டதில்லை.

எனக்கு வந்த நோயை முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்று வருஷத்துக்கு முன்பு, ஆசனவாய்ப் பக்கத்தில் சீழ் வைத்துப் புரையோடுகிற பௌத்திரத்துக்கு ஆபரேஷன் செய்துகொண்டேன். அது உள்ளே கிளை விட்டு ஓடியிருந்தது. ஆசனவாயை இறுக்கிப் பிடிக்கும் தசையில் கொஞ்சம் வெட்ட வேண்டிவரும், பிற்பாடு பிடிமானம் குறையலாம் என்று முன்கூட்டியே சொல்லித்தான் செய்தார்கள். கையெழுத்தும் போட்டேன். யாரையும் குறை சொல்ல எனக்கு வழியில்லை. அதனால் எல்லார் மேலும் கோபமாக இருந்தேன்.

பிடிமானம் குறையலாம் என்று சொன்னபோது அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. இருமினால் போதும். படியில் வேகமாக இறங்கினால் போதும். சில நாள் ஒன்றுமே செய்ய வேண்டாம், வந்த பிறகுதான் வந்ததே தெரியும். கம்பெனி பஸ்ஸில் கடைசி வரிசை ஜன்னலோரம் எனக்கென்று ஆகிவிட்டது. இடம் இருந்தாலும் பாதி நாள் நின்றுகொண்டே போவேன். காலையில் நாஷ்டாவை விட்டேன். டீயை விட்டேன். சாப்பாட்டுப் பையில் இரண்டாவது பேண்ட்டை மடித்து வைத்துக்கொண்டு போக ஆரம்பித்தேன். கேன்டீனில் உடன் வேலை செய்கிறவர்கள், "இன்னாபா, பொண்ணு பாக்கப் போறவன் மாரி டயட்ல கீற" என்று கிண்டல் செய்தார்கள். எனக்கு வயது நாற்பத்தேழு. நானும் சேர்ந்து சிரித்தேன், ஜாக்கிரதையாக.

வீட்டுக்கு வந்ததும் நேராகக் குளியலறைக்குப் போய்க் குழாயை முழுசாகத் திறந்துவிட்டுத் துவைத்துவிடுவேன். கல்யாணமான இத்தனை வருஷத்தில் ஒரு கர்ச்சீப் துவைத்ததில்லை. மனைவி ஒருமுறை கேட்டாள். இரும்புத்தூள், உன் கையில் குத்தும் என்றேன். அவள் தலையாட்டினாள். அவளை ஏமாற்றிவிட்டேன் என்று எனக்கு ஒரு நிம்மதி.

அந்த நிம்மதி ஆரணியில் போயிற்று. பட்டு ஆரணி இல்லை, கவரைப்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கிற ஆரணி; அங்கே என் மனைவியின் அண்ணன் இருக்கிறார். கொஞ்சம் நெல் நிலம் வைத்திருக்கிறார், போன வருஷம் புது வீடு கட்டினார். கிரகப்பிரவேசத்துக்குப் போகாமல் இருக்க முடியாது. வெள்ளை வேட்டி கட்டப் பயந்து கறுப்பு பேண்ட் போட்டுக்கொண்டு போனேன். "இன்னா மாப்ள, டூட்டில இருந்து நேரா வரியா" என்று மச்சான் எல்லார் எதிரிலும் கேட்டார். ஹாலில் புது சோபா. சந்தன நிறத் துணி. பிளாஸ்டிக் உறையை அன்று காலையில்தான் பிரித்திருக்கிறார்கள். வேண்டாம் வேண்டாம் என்றவனைக் கையைப் பிடித்து அதில் உட்கார வைத்தார்கள். பக்கத்தில் மனைவி உட்கார்ந்தாள்.

விருந்து முடிந்து யாரோ ஏதோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவ்வளவுதான். உள்ளே பிடி விட்டுப்போனது தெரிந்தது, எழுந்தால் என்ன ஆகும் என்பதும் தெரிந்தது. ஒரு நிமிஷம் அப்படியே இருந்தேன். பிறகு வாசனை வர ஆரம்பித்தது. எதிரில் இருந்த ஒரு பெண் முந்தானையை மூக்கருகில் கொண்டுபோனாள். நான் சட்டென்று எழுந்து கொல்லைப்பக்கம் நடந்தேன். திரும்பிப் பார்த்தபோது என் மனைவி நகர்ந்து, நான் உட்கார்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்திருந்தாள். கல்யாணப் பட்டுப்புடவையில். அவள் தன் அண்ணியிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

"அண்ணி, மன்னிச்சிக்கோ. காலைல இருந்தே எனுக்கு வயிறு சரியில்ல. உன் சோபாவ நாசம் பண்ணிட்டேன்."

நான் கொல்லைப்பக்கக் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். வெளியே பெண்கள் அவளைச் சூழ்ந்துகொள்வதும், யாரோ வாளியில் தண்ணீர் மொள்வதும், பரவால்ல பரவால்ல என்று அண்ணி சொல்வதும் கேட்டது. அந்த நேரத்தில் நான் வெளியே வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொல்லப்போனால், தப்பித்தோம் என்றுதான் முதலில் தோன்றியது. அதை இப்போது எழுதும்போதும் கை கூசுகிறது.

அண்ணியின் புடவையைக் கட்டிக்கொண்டு அவள் என் பின்னால் பைக்கில் ஏறினாள். கவரைப்பேட்டை தாண்டி லாரிகளோடு போகும்போது, "மெதுவா போங்க" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. வீட்டிலும் சொல்லவில்லை. அவளுக்கு எல்லாம் தெரியும் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது, எனக்குத் தெரிந்துவிட்டது என்பதும் அவளுக்குத் தெரியும். இத்தனையையும் வைத்துக்கொண்டு ஒரே தட்டில் அப்பளம் எடுத்துச் சாப்பிட்டோம்.

அதற்குப் பிறகுதான் சென்னைக்குப் போய் அந்த டாக்டரைப் பார்த்தேன். என்னைவிடப் பதினைந்து வயதாவது சின்னவர். மாத்திரை, தசைப் பயிற்சி எல்லாம் சில மாதம் பார்த்தார். போதவில்லை. பிறகு ஒரு நாள் நரம்பைப் பற்றிச் சொன்னார். முதுகெலும்பு முடிகிற இடத்திலிருந்து, அடக்கும் தசைக்கும் குடலுக்கும் ஒரு நரம்பு போகிறது. அதன் பக்கத்தில் மெல்லிய கம்பி ஒன்றை வைத்துச் சன்னமாக மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருந்தால் சிலருக்குப் பிடிமானம் திரும்புகிறது. எல்லாருக்கும் பலிப்பதில்லை. அதனால் முதலில் கம்பியை மட்டும் உள்ளே வைத்து, பெட்டியை வெளியே இடுப்பில் கட்டிச் சில வாரம் பார்ப்பார்கள். கசிவு பாதிக்காவது குறைந்தால், பெட்டியையும் தோலுக்கு அடியில் நிரந்தரமாக வைப்பார்கள். குறையாவிட்டால் கம்பியை உருவிவிடுவார்கள். "முன்னாடி எவ்ளோன்னு தெரிஞ்சாத்தான் பின்னாடி எவ்ளோ குறைஞ்சதுன்னு தெரியும்" என்று சொல்லித்தான் அந்தத் தாளைக் கொடுத்தார்.

இவ்வளவு தெளிவாகச் சொன்னார். நான் வீட்டுக்கு வந்து, முதல் நாள் மூன்று தடவை ஆனதை ஒன்று என்று எழுதினேன். இரண்டாம் நாள் ஒன்று ஆனது; கட்டத்தில் கோடு போட்டுவிட்டேன். ஒரு பெண்பிள்ளை படிக்கப்போகிற தாள், அதில் இவ்வளவு அசிங்கத்தை எப்படி எழுதுவது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் அது முழு உண்மை இல்லை. பேனாவைக் கையில் எடுத்தால் பெரிய எண்ணை எழுத எனக்கு வரவில்லை. வேலையில் விழுந்த பழக்கம் அப்படியே வீட்டுக்கு வந்திருந்தது. பதினான்கு நாளுக்கும் சேர்த்து மொத்தம் ஆறு என்று கொடுத்தேன்.

கம்பி வைப்பது பெரிய காரியமில்லை. குப்புறப் படுக்க வைத்து, மரத்துப்போக ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழே செய்தார்கள். "எங்க துடிக்குது, சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தார் டாக்டர். எங்கே துடிக்கிறது என்று எப்படிச் சொல்வது? "அங்கதான்" என்றேன். "அங்கன்னா?" என்றார். நர்ஸ்கள் மூன்று பேர் நிற்கிறார்கள். சொன்னேன். "கரெக்ட், அங்கதான் துடிக்கணும்" என்றார் சந்தோஷமாக.

பெட்டி ஒரு சின்ன மொபைல் அளவு. பெல்ட்டில் மாட்டி மேலே சட்டையை விட்டுக்கொள்ள வேண்டும். குளிக்கக் கூடாது, ஈரத்துணியால் துடைத்துக்கொள்ளலாம். பளு தூக்கக் கூடாது. கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி கருவியை இடுப்பருகில் கொண்டுவந்ததும் அது கத்தியது. "இடுப்பு நரம்புக்கு மெஷின் வெச்சிக்கீறாங்க" என்றேன். ஊரெல்லாம் அந்தப் பேச்சு பரவியது. பாவம், இடுப்பு வலி என்று எல்லாரும் இரக்கப்பட்டார்கள். இடுப்பு வலி மரியாதையான நோய்.

அந்த இரண்டு வாரத்தை என்னால் மறக்க முடியாது. உள்ளே ஒரு மெல்லிய துடிப்பு, யாரோ விரல் நுனியால் தட்டிக்கொண்டிருப்பது மாதிரி. மூன்றாம் நாள் இருமினேன், ஒன்றும் ஆகவில்லை. வேண்டுமென்றே இன்னொரு முறை இருமிப் பார்த்தேன். அந்த வாரக் கடைசியில் டவுனில் ஓட்டலில் உட்கார்ந்து இட்லியும் வடகறியும் சாப்பிட்டேன். கம்பெனி பஸ்ஸில் நடு வரிசையில் இரண்டு பேருக்கு நடுவில் உட்கார்ந்தேன். சந்தோஷத்தில், பெட்டி கட்டிய இரண்டு வாரத்துக்கென்று டாக்டர் கொடுத்த இரண்டாவது தாளில் மட்டும் ஒன்றைக்கூட மறைக்காமல் எழுதினேன். மொத்தம் நான்கு தடவை.

டாக்டர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மனைவி வெளியே வராந்தாவில் பையோடு உட்கார்ந்திருந்தாள்.

"முன்னாடி ஆறு, இப்போ நாலு. பாதிக்கு வரலையே. உங்களுக்கு இது சரிப்படலைன்னு நினைக்கிறேன். இன்னிக்கே கம்பிய எடுத்துடலாம்."

மறுபடியும் கடைசி வரிசை ஜன்னல், மறுபடியும் பையில் பேண்ட். "அந்த ஆறு பொய், டாக்டர்" என்றேன்.

"அப்போ எத்தனை?"

தெரியவில்லை. எழுதிய பொய்தான் எனக்கு ஞாபகம் இருந்தது. இருபதுக்கு மேல் இருக்கும் என்றேன். அவர் என்னையே பார்த்தார். "மெஷின் வேணும்னு இப்போ கூட்டிச் சொல்றீங்கன்னு நான் எடுத்துக்கலாம் இல்லையா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். "வீட்ல வேற யாருக்காவது தெரியுமா?"

யாருக்கும் தெரியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். பிறகு, "என் மனைவிக்குத் தெரியும்" என்றேன். அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவளை உள்ளே கூப்பிட்டார்கள். என்னைப் பார்க்காமல், டாக்டர் மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"குளிக்கிற ரூம்ல கொழாய முழுசா தெறந்து உட்டார்னா துவைக்கிறார்னு அர்த்தங்க. தெனிக்கும் ஒரு தபாவாவது தெறப்பாரு. சில நாள் ரெண்டு, மூணு தபா. ஞாயித்துக்கெழமைல நைட்டுக்குள்ள நாலு லுங்கி மாத்துவாரு. இந்தப் பெட்டி கட்னதுல இருந்து கொழாய் சத்தம் ரொம்ப இல்லீங்க."

அவள் பேசி முடிக்கும்வரை நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை நாளாக அவள் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அடுப்படியில் நின்றிருக்கிறாள்.

டாக்டர் யோசித்தார். கம்பியை இன்னும் இரண்டு வாரம் வைக்கலாம் என்றார். ஒரு வாரம் பெட்டி ஓடட்டும், ஒரு வாரம் அணைத்து வைப்போம், இரண்டையும் வீட்டுக்காரம்மா எழுதட்டும்.

பெட்டியை அணைத்த வாரம்தான் என் வாழ்க்கையில் மோசமான வாரம். ஆனதும் நான் அவளிடம் போய்ச் சொல்ல வேண்டும், அவள் தாளை எடுத்து எழுத வேண்டும். அவள் காய் நறுக்கிக்கொண்டிருப்பாள், நான் நிலைப்படியில் நின்று, "ஒண்ணு" என்பேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு, மணியைப் பார்த்து, எழுதிவிட்டு மறுபடியும் நறுக்குவாள். ஒரு நாள் சொல்லாமல் குளியலறைக்குப் போய்விட்டேன். வந்து பார்த்தால் கட்டத்தில் எழுதியிருந்தாள். ஓடிய வாரத்தில் இரண்டு, அணைத்த வாரத்தில் பதினொன்று. டாக்டர் சிரித்துவிட்டு, நிரந்தரப் பெட்டி வைக்க நாள் குறித்தார்.

அந்த வாரம் முழுக்க ஆரணியைப் பற்றிப் பேச எனக்குச் சமயம் இருந்தது. மன்னித்துக்கொள் என்று இரண்டு சொல் போதும். நான் பேசவில்லை. அவளாகத்தான் ஒருமுறை, "எங்கண்ணன் கேட்டா இடுப்பு நரம்பு ஆபரேசன்னே சொல்லிடலாம்" என்றாள். சரி என்றேன்.

நிரந்தரப் பெட்டி இப்போது என் இடுப்புக்குப் பின்னால், பிட்டத்தின் மேல்பக்கம் தோலுக்கு அடியில் இருக்கிறது. முழுசாகக் குணம் என்று சொல்ல முடியாது. மாதத்தில் ஓரிரு தடவை ஆகும். ஆனால் நான் நாஷ்டா சாப்பிடுகிறேன், பஸ்ஸில் உட்காருகிறேன், சிரிக்கிறேன்.

சில மாதம் கழித்து மச்சான் வீட்டில் கறி விருந்துக்குக் கூப்பிட்டார்கள். அந்த கிரகப்பிரவேசத்துக்குப் பிறகு நான் அங்கே போகவே இல்லை. மனைவி மட்டும் இரண்டு முறை தனியாகப் போய் வந்திருந்தாள். அன்று பயமில்லாமல் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டேன். உள்ளே நுழைந்ததும் மச்சான், "குந்து மாப்ள" என்று என்னைச் சோபாவுக்கு அழைத்துப்போனார். புதுத் துணி மாற்றித் தைத்திருந்தார்கள். நான் உட்கார்ந்தேன். என் மனைவி யாரும் சொல்லாமலே ஹாலின் ஓரத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலிக்குப் போனாள். அண்ணி உள்ளேயிருந்து ஒரு பழைய நைலக்ஸ் புடவையை நாலாக மடித்துக் கொண்டுவந்து அதில் விரித்தாள். அன்பாகத்தான் விரித்தாள். என் மனைவியின் முதுகைத் தடவிக்கொடுத்து, "இப்ப எப்டிம்மா கீது உனுக்கு?" என்று காதோடு கேட்டாள். "பரவால்ல அண்ணி" என்று சொல்லி என் மனைவி அதன்மேல் உட்கார்ந்தாள்.

போன இரண்டு முறையும் இப்படித்தான் உட்கார்ந்திருக்கிறாள். வீட்டுக்கு வந்து என்னிடம் சொல்லவில்லை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தட்டை எங்கள் எதிரில் வைத்துச் சோறு போட ஆரம்பித்தார்கள். நான் கையை நனைக்காமல், "மச்சான், அன்னிக்கு அது அவ இல்ல. நான்தான்" என்றேன்.

மச்சான் என்னைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மச்சானுக்குக் கண் கலங்கிவிட்டது. எழுந்து வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"மாப்ள, உனுக்கு எம்மாம் பெரிய மனசு. எந்தங்கச்சி தல குனியக் கூடாதுன்னு பழிய உம்மேல போட்டுக்கினு கீறியே. எந்த ஆம்பள சொல்லுவான் இத?"

"இன்னொருத்தரா இருந்தா இவள எப்பவோ தொரத்தி உட்டிருப்பாரு, அண்ணே" என்றாள் அண்ணி என்னிடம்.

இல்லை என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது. வாயால் நம்பாவிட்டால் சாட்சியும் இருந்தது. திரும்பி நின்று சட்டையைத் தூக்கி, வேட்டியை இரண்டு விரல் இறக்கினால் தழும்பு தெரியும். கை வைத்தால் பெட்டி தட்டுப்படும். இது எதற்கு வைத்தது என்று சொன்னால் முடிந்தது. மனைவி சொல்லட்டும் என்று காத்திருந்தேன். அவள் எதற்குச் சொல்ல வேண்டும்?

"சாப்டு மாப்ள, ஆறிடப் போவுது" என்று மச்சான் என் தட்டில் இன்னொரு துண்டு கறியைப் போட்டார். அவருடைய உறவுக்காரர்கள் என்னை மரியாதையாகப் பார்த்தார்கள். மனைவி அந்த மடித்த புடவையின் மேலிருந்து எட்டி, தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். நான் சாப்பிட்டேன்.